டிங்சியென் கிராமத்து மருந்துப்பெட்டி



வைத்தியரைக் காண நெடுந்தூரம் நடந்தே செல்லவேண்டிய ஓர் ஊரில், மண்வெட்டி காலிற் பட்டுக் குருதி பெருகும் கமக்காரனுக்கு முதலில் உதவுபவர் யார்? சீன தேசத்தின் டிங்சியென் மாவட்டத்திலே 1930களில் இக்கேள்விக்கு ஒரு விடை காணப்பட்டது.

டிங்சியென் பீக்கிங் நகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. அக்காலத்தில் அங்கே சுமார் 4 இலட்சம் மக்கள் 472 கிராமங்களில் வாழ்ந்தனர். அவற்றுள் 220 கிராமங்களில் நாட்டு வைத்தியர்கூட இல்லை. முதலாம் உலகப்போரின்போது பிரான்சிலிருந்த சீனத் தொழிலாளருக்கு எழுத்தறிவித்த ஜேம்ஸ் யென் என்பார், தமது மக்கட் கல்வி இயக்கத்தை இம்மாவட்டத்தில் நடத்திவந்தார். அதன் சுகாதாரப் பகுதியைப் பொறுப்பேற்க, 1932ஆம் ஆண்டு, சென் சிச்சியென் என்ற இளம் வைத்தியர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதலிற் கணக்குப் பார்த்தார். மருத்துவத்திற்கென ஒரு கிராமவாசி ஆண்டொன்றுக்குச் செலவிட்டது ஏறக்குறைய 30 சதமே. இப்பணத்தில் ஊருக்கொரு வைத்தியரை வைப்பது எங்ஙனம்? நமது நாட்டிலே 1926இல் களுத்துறையிற் சுகாதாரப் பகுதி தொடங்கியபோது, சம்பளம் பெறும் உத்தியோகத்தர் ஊர்களுக்குச் சென்றனர். சென் அவர்களோ ஊருக்குள்ளேயே ஆளைத் தேடினார். இயக்கத்தின் பள்ளியிற் படித்து வெளியேறிய கமக்காரருள் ஒருவர் தெரிவுசெய்யப்பட்டார். பத்து நாள்வரையிற் பயிற்சி. பின்னர் கையில் ஒரு மருந்துப்பெட்டி. அவ்வளவுதான்.

அப்பெட்டியில் இருந்தவற்றைவிட இல்லாதவையே என் கருத்தைக் கவர்கின்றன. அயடீன், கண் மருந்து, அஸ்பிரின், ஆமணக்கெண்ணெய், கட்டுத்துணி போன்ற சிலவே அதில் இருந்தன. தவறிக் கொடுத்தாலும் உயிருக்கு ஊறு செய்யாதவை எவையோ, அவற்றையே சென் தேர்ந்தெடுத்தார். காயத்தைக் கழுவிக் கட்டுதல், அம்மைப்பால் குத்துதல், பிறப்பு இறப்புகளைப் பதிதல், கிணற்றைச் சுத்தமாக வைத்தல் ஆகியன அக்கமக்காரரின் கடமைகள். அதற்கு மேற்பட்ட நோயாளியை அயலிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அனுப்பவேண்டும். அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கு வழியுண்டு. நிலையத்து வைத்தியர் அவருடைய வேலையை மேற்பார்வை செய்தார். அரைகுறை வைத்தியர் பெருகிவிடுவரோ என்ற அச்சம் எந்நாட்டிலும் எழுவதே. இவ்வெல்லை அவ்வச்சத்திற்கு மறுமொழியாயிற்று.

ஆயினும் பிரசவத்தின் முன்னே பெட்டி பயன்படவில்லை. அசுத்தமான கருவியால் தொப்புட்கொடியை வெட்டியதனாற் சிசுக்கள் ஏற்புவலி கண்டு இறந்தன. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளை அனுப்பியபோதோ, பிள்ளை பெற்றறியாத இளம்பெண்களை வீட்டு மூதாட்டிகள் நம்பவில்லை.

1937இல் யப்பானியப் படை புகுந்தது. டிங்சியென் முயற்சி முறிந்தது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின், கமக்காரருக்குக் குறுகிய காலப் பயிற்சியளித்து அனுப்பும் அதே முறை, "வெறுங்கால் வைத்தியர்" என்னும் பெயரால் 1968இற் சீனமெங்கும் பரவியது. பெருமை முழுவதும் 1965இல் மா சேதுங் விடுத்த பணிப்புக்கே உரித்தாயிற்று. சென் அப்பொழுதும் சீனத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். டிங்சியென் வரலாற்றை அவர் தாமே எழுதிய நூல், அவரது எண்பதாம் பிராயத்தையும் கடந்து, 1989இல் அமெரிக்காவில் வெளிவந்தது.