எட்டுப் பேரோடு நின்ற பிளாக்பூல்

சென்ற கிழமை அஸருக்குப் பிறகு மைதானப் பக்கம் போயிருந்தேன். சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது, பதினொரு பேரைச் சேர்க்க முடியவில்லை என்று நமது கழகத்துத் தம்பிமார் கவலையோடு நின்றார்கள். பாதிப் பேர் கட்டாரில், மிச்சப் பேருக்குக் கடை வேலை. அப்போது எனக்கு இங்கிலாந்தின் பிளாக்பூல் கழகம் ஞாபகம் வந்தது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பிளாக்பூல் ஒரு கடற்கரை ஊர். அதன் உதைபந்தாட்டக் கழகம் சாதாரணமானதல்ல. 1953ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் போல்டனை 4-3 என வென்றது. மூன்று கோல் அடித்தவர் மோர்டென்சன். ஆனாலும் அந்த ஆட்டத்தை இன்றுவரை ஸ்டான்லி மெத்தியூஸின் பெயரால்தான் அழைக்கிறார்கள். பாவம் மோர்டென்சன்!

பிறகு நீண்டகாலம் கீழ்மட்டம். 2010இல் கார்டிஃபை 3-2 என வென்று பிரீமியர் லீக்கில் நுழைந்தது. ஒரே ஒரு பருவகாலம், 39 புள்ளிகள், திரும்பவும் கீழே. ஆனால் அந்த ஒரு வருடத்தில் தொலைக்காட்சி வருமானமாக அந்தக் கழகம் கண்டிராத பணம் வந்தது.

இனி 2014 கோடைக்கு வருவோம். வீரர்கள் பெரும்பாலானோரின் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்கள். புதிய பயிற்றுவிப்பாளராக வந்த பெல்ஜியக்காரர் ஜோசே ரீகா திரும்பிப் பார்த்தால், கையில் இருந்தது எட்டு வீரர்கள். கோல் காப்பாளர் ஒருவர்கூட இல்லை. ஸ்பெயினில் நடத்தவிருந்த பயிற்சிப் பயணத்தை ஆளில்லாமல் ரத்துச் செய்தார்கள். கடைசி நாட்களில் இரவல் வீரர்களையும் வேறு கழகங்கள் விட்ட வீரர்களையும் அவசரமாகப் பதிந்து, ஆகஸ்ட் 9ஆம் திகதி நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கு எதிராக இறங்கினார்கள். மாற்று வீரர்களுக்கு ஏழு இடம் இருந்தும் நால்வரே உட்கார்ந்திருந்தார்கள். 0-2 தோல்வி. ஒருவரோடொருவர் பேசிப் பழகவே நேரம் கிடைக்காத அணி வேறென்ன செய்யும்? ஒக்டோபரில் ரீகாவையும் அனுப்பிவிட்டார்கள். 46 ஆட்டங்களில் வெற்றி நான்கு, புள்ளிகள் 26, கடைசி இடம்.

நமது தம்பிமாருக்கு உண்மையிலேயே ஆளில்லை. பிளாக்பூலுக்கு ஆள் பிரச்சினையே இல்லை, பிரச்சினை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பிரீமியர் லீக் வருடத்தில் மட்டும் உரிமையாளர் ஓவன் ஒய்ஸ்டனின் கம்பனி ஒன்றுக்கு 11 மில்லியன் பவுண் கொடுக்கப்பட்டிருந்தது. பங்குதாரரான லத்வியக்காரர் வலேரி பெலோகொன் வழக்குப் போட்டார். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம், கழகத்தின் பணம் முறைகேடாக வெளியே எடுக்கப்பட்டதென்று தீர்ப்பளித்து, அவரது பங்கை 31 மில்லியனுக்கு மேல் கொடுத்து வாங்கும்படி உத்தரவிட்டது.

ஆனால் எனக்குப் பெரிதாகப்படுவது நீதிமன்றம் அல்ல, ரசிகர்கள்தான். 2015 மே மாதம், பருவகாலத்தின் கடைசி ஆட்டத்தில் மைதானத்துக்குள் இறங்கி உட்கார்ந்தார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. இணையத்தில் எழுதியதற்காக உரிமையாளர்கள் ரசிகர்கள் மீதே அவதூறு வழக்குப் போட்டார்கள். ஓய்வூதியர் ஒருவர் 20,000 பவுண் செலுத்த நேர்ந்தபோது மற்றவர்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு, மைதானத்துக்குப் போவதில்லை என்று ஆயிரக்கணக்கானோர் முடிவெடுத்தார்கள். ஒரு வாரம், இரண்டு வாரமல்ல, வருடக்கணக்கில். 2017இல் அணி வெம்ப்ளியில் இறுதியாட்டம் ஆடி வென்றபோதும் பலர் போகவில்லை. சிறுவயது முதல் சனிக்கிழமை தோறும் தகப்பனின் கையைப் பிடித்துப் போன இடத்துக்கு, அந்தக் கழகத்தின் மீது வைத்த பாசத்தினாலேயே போகாமல் இருப்பது லேசான காரியமா? அப்போது அதைச் சிலர் துரோகம் என்றும் சொன்னார்கள்.

2019 பெப்ரவரியில் நீதிமன்றம் நியமித்த அதிகாரி கழகத்தைப் பொறுப்பேற்றார். மார்ச் 9ஆம் திகதி, சவுத்எண்ட் அணியுடனான ஆட்டத்துக்கு ரசிகர்கள் திரும்பி வந்தார்கள். 15,871 பேர். பிளாக்பூல் பின்தங்கியிருந்து கடைசி நேரத்தில் கோல் போட்டு 2-2 எனச் சமன் செய்தது. வெற்றிகூட இல்லை, ஆனாலும் மக்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள், இந்த முறை சந்தோஷத்தில்.