கொழுந்துக் கூடையும் இருதய நோயும்

ஊவா மலைநாட்டு மக்களின் நோய் வரலாறு, தோட்டங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும். கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தோரைப் பேதியும் காய்ச்சலும் வாட்டின. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872ஆம் ஆண்டில் சட்டம் ஒன்று பிறந்தது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொளுக்கிப்புழு ஒழிப்புப் பணி தோட்டங்களிலே தொடங்கிற்று. அந்தப் பகைவன் வெறுங்காலின் வழியே உடலுட் புகுந்தான். இருதயத்தைத் தாக்கும் இன்றைய பகைவனோ இரத்தத்திலேயே ஓசையின்றி உலாவுகின்றான்.

கொழுப்பு நீரிற் கரையாது. ஆதலின், புரதம் பொதிந்த நுண்துகள்களே அதனை இரத்தத்திற் சுமந்து செல்கின்றன. 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் ஜோன் கோப்மன், அதிவேகமாகச் சுழலும் இயந்திரத்தால் இத்துகள்களை வகை பிரித்து, அவற்றுட் சில இருதய நோயோடு தொடர்புடையன என்று காட்டினார்.

இதன் நுட்பத்தைக் கொழுந்து நிறுக்கும் இடத்திலே காணலாம். ஒரே நிறையுள்ள கொழுந்து பத்துப் பெரிய கூடைகளிலும் இருக்கலாம். இருபது சிறிய கூடைகளிலும் இருக்கலாம். கொலஸ்திரோல் அளவு கொழுந்தின் நிறையைப் போன்றது. தீங்கு விளைப்பதோ கூடைகளின் எண்ணிக்கை. நாளச் சுவரிற் புகுந்து தங்குவன அத்துகள்களே. கூடைக்கு ஒரு கயிறு இருப்பதுபோல, அத்தகைய துகள் ஒவ்வொன்றிலும் ‘அபோ-பி’ என்னும் புரதம் ஒன்றே உண்டு. கயிற்றை எண்ணினால் கூடையை எண்ணியதாகும். நீரிழிவும் பருத்த வயிறும் உடையோரிடம் சிறு துகள்கள் மிகுதல் உண்டு. அவர்களது கொலஸ்திரோல் அளவாக இருப்பினும் ஆபத்து மறைந்திருக்கலாம்.

கேரளத்திற் பிறந்த வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. தீய துகளின் அபோ-பி புரதத்துக்கும், நல்ல துகளின் ‘அபோ-ஏ’ புரதத்துக்கும் உள்ள விகிதமே மாரடைப்பை முன்னறிவிக்கும் வலிய குறிகளுள் ஒன்று என அது கண்டது. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகின்றது என்றும், ஏனையோர்க்கு ஏறத்தாழ 59 வயதில் வருகின்றது என்றும் 2007இல் தெரிந்தது. குடும்பத்தைத் தாங்குவோனை அந்த ஆறாண்டுகள் முந்திக் கொண்டு போகின்றன.

மற்றொரு துகளை 1963இல் நோர்வே அறிஞர் கோரே பெர்க் கண்டறிந்தார். ‘லிப்போபுரோட்டீன்-ஏ’ எனப்படும் அது பெற்றோர்வழி வருவது. உணவாலும் உழைப்பாலும் பெரிதும் குறையாதது. ஆதலின் வாழ்நாளில் ஒருமுறை சோதிப்பதே பெரும்பாலும் போதும். தந்தையோ தமையனோ இளவயதில் மாரடைப்பால் மாண்ட குடும்பத்தார் இதனை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

பசறையிலோ நமுனுகுலையிலோ ஒருவர்க்கு நெஞ்சு இறுகி வியர்த்தால், அதனை வாயுவென்று எண்ணி இஞ்சிக் கசாயத்தோடு லயத்திற் படுத்திருத்தல் தகாது. மலைப்பாதையிற் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் இழப்பாகும். உடனே பதுளைப் பெரிய ஆசுபத்திரியை நோக்கிப் புறப்படல் வேண்டும். புகையிலையை விடுதலும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்குதலும், வைத்தியர் தரும் மருந்தைத் தவறாது உண்ணுதலும் எவர்க்கும் இயல்வன. காரணம் தெரிந்தபின் கொளுக்கிப்புழுவின் கொடுமை தணிந்தது. இந்நோய்க்கும் காரணம் தெரிந்துவிட்டது. இனி இதனைத் தலைவிதியென்று கொள்ளுதல் பொருந்தாது.