ஆத்துல வெள்ளம் வந்தா ஊர் துண்டாகணுமா? நடைபாலம் எப்படி வடிவமைக்கிறாங்க தெரியுமா?

ஜவ்வாது மலையில் உருவாகி, ஒடுகத்தூர் வழியாக ஓடி பாலாற்றில் கலக்கிறது உத்திரகாவேரி ஆறு. பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும். மலையில் கனமழை கொட்டினால், சில மணி நேரத்தில் வெள்ளம் பாயும். தாழ்வான தரைப்பாலம் இருந்தும் பயனில்லை.

வழி இல்லைன்னா என்ன ஆகும்?

2023 மே மாதம், இதே அணைக்கட்டு பகுதியில் உள்ள அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயது குழந்தை உயிரிழந்தது. சரியான சாலை இல்லாததால், உடலை மலைப்பாதையில் சுமந்து சென்றது மாநிலத்தையே உலுக்கியது. நடைபாலம் சாலைக்கு மாற்று அல்ல. ஆம்புலன்ஸ் அதில் போகாது. ஆனால் குறுக்கே ஓடை இருக்கும் இடத்தில், பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிளும் நோயாளியைத் தூக்கிச் செல்பவர்களும் அக்கரை போக அதுவே போதும்.

ஆற்றுக்குள் தூண் எதற்கு?

தொங்கு நடைபாலத்துக்கு அது தேவையில்லை. இரு கரையிலும் கோபுரம், அவற்றின் மேல் இரும்புக் கயிறு, அதன் முனைகளை மண்ணுக்குள் இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் பாளம். நடைதளம் அந்தக் கயிற்றில் தொங்கும். வெள்ளத்தில் வரும் மரமும் புதரும் சிக்க நடுவில் எதுவும் இருக்காது. கர்நாடகாவின் சுள்ளியாவைச் சேர்ந்த பொறியாளர் கிரிஷ் பரத்வாஜ், 1989 முதல் இப்படி 100-க்கும் மேற்பட்ட பாலங்களைக் கட்டியவர். 2017-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முக்கியமாக பார்க்க வேண்டியவை

* உயரம்: இதுவரை வந்த பெரிய வெள்ளத்தின் மட்டத்துக்கும் மேலே தளம் இருக்க வேண்டும்.
* சரிவு: படிக்கட்டு மட்டும் வைத்தால் சைக்கிளும் சக்கர நாற்காலியும் ஏறாது. 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம் என்பதே பொதுவான அளவு.
* ஆட்டம்: லண்டன் மில்லினியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்ததும் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடப்பட்டு, அதிர்வைக் குறைக்கும் கருவிகள் பொருத்தி 2002-ல் மீண்டும் திறக்கப்பட்டது.
* இடம்: மக்கள் ஏற்கனவே நடந்து போகும் ஒற்றையடிப் பாதை எங்கே ஆற்றைத் தொடுகிறதோ, அங்கே கட்டணும். சுற்றிப் போக வைத்தால் யாரும் ஏற மாட்டார்கள்.

கட்டினா மட்டும் போதுமா?

போதாது. குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30-ல் தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தனர். ஒரு கேபிளின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது. பாலம் திறக்கும் நாளிலேயே இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம்? கயிற்றை யார், எப்போது சோதிப்பார்கள்?

உங்க ஊர்ல பாலம் கேட்டு மனு கொடுக்கும்போது, இந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்க.