மின்னாற்பகுப்பு முடி நீக்கத்தின் வரலாறு

மின்னாற்பகுப்பு முடி நீக்கம் என்பது முடியின் வேர்ப்பையில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, மின்சாரத்தால் வேரை அழிக்கும் முறையாகும். இது முதலில் கண்ணைக் காக்கவே உருவானது. உள்நோக்கி வளரும் இமைமுடி கருவிழியை உராய்ந்து பார்வையைக் கெடுக்கும். பிடுங்கினாலும் மீண்டும் முளைக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், இதற்கு மின்னூசியைப் பயன்படுத்திய முறையை 1875இல் வெளியிட்டார். நேர் மின்னோட்டம் வேர்ப்பையிலுள்ள உப்பையும் நீரையும் பகுக்கும்போது உண்டாகும் சோடியம் ஐதராக்சைடு வேரை அழிக்கிறது.

பின்னர் முகமுடியை நீக்கவும் இம்முறை பயன்பட்டது. ஆனால் ஒவ்வொரு முடியாக நீக்க வேண்டியிருந்ததால் காலம் பிடித்தது, வலியும் இருந்தது. எனவே 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் எக்சு கதிர் முடி நீக்கம் பரவியது. அது வலியற்றது, விரைவானது. ஆயினும் பல பெண்களுக்கு ஆண்டுகள் கழித்து ஆறாப் புண்களும் தோல் புற்றுநோயும் தோன்றின. அம்முறை கைவிடப்பட்டது, ஊசிமுறை நிலைத்தது.

அதே 1920களில், உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின் வெப்பத்தால் வேரை விரைந்து அழிக்கும் முறையும் வந்தது. இரண்டையும் இணைத்த கலப்பு முறைக்கு 1948இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

முடிகள் யாவும் ஒரே காலத்தில் வளர்வதில்லை. அதனால் இன்றும் இச்சிகிச்சை பல மாதங்கள், பல அமர்வுகளாகத் தொடர்கிறது. சிகிச்சைக்குப் பின் தற்காலிகச் சிவப்பும் வீக்கமும் இயல்பானவை.