அந்நியக் கொட்டலசுகளை அடையாளம் காண்பதன் அவசியம்

பாறைகளிலும், பாலத் தூண்களிலும், படகுகளின் அடிப்பாகத்திலும் சுண்ணாம்புப் பொருக்குகள் போல ஒட்டியிருக்கும் கொட்டலசுகள் சிப்பிகளைப் போலத் தோன்றினாலும், இறால், நண்டு ஆகியவற்றின் உறவினங்களாகும். சிட்னியில் தமிழர்கள் கணிசமாக வாழும் ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வடக்கேயுள்ள ஹோம்புஷ் விரிகுடாவிலும் இவற்றைக் காணலாம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கரைகளுக்கு உரிய ஒரு கொட்டலசு இனத்தை, சார்ல்ஸ் டார்வின் 1854ஆம் ஆண்டில் விவரித்தார். ஆஸ்ட்ரோமினியஸ் மொடெஸ்டஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்த இனம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்கள் வழியாக பிரிட்டனைச் சென்றடைந்ததாகக் கருதப்படுகிறது. தென் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகப் பகுதியில் காணப்பட்ட இது குறித்து 1947ல் 'நேச்சர்' சஞ்சிகையில் அறிவிக்கப்பட்டபோது, அது அங்கே வேரூன்றிவிட்டிருந்தது. பின்னர் வடமேற்கு ஐரோப்பா முழுவதும் பரவியது.

இதனை அடையாளம் காணும் வழி எளிது. பிரிட்டனின் கரைகளில் வழக்கமாகக் காணப்படும் உள்ளூர் கொட்டலசுகளின் ஓட்டுச் சுவரில் ஆறு தகடுகள் உண்டு. இதற்கோ நான்கு மட்டுமே.

ஆனால் இந்த விதி எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. சிட்னி கரையோரத்தின் உள்ளூர் இனங்கள் சிலவற்றுக்கும் நான்கு தகடுகளே உள்ளன. ஓடு தேய்ந்திருந்தால் தகடுகளை எண்ணுவதும் கடினம். அப்போது மூடித் தகடுகளின் அமைப்பையோ, மரபணுவையோ ஆராய வேண்டியுள்ளது. உள்ளூர் இனங்களை அறிந்திருந்தால்தான் அந்நிய இனத்தைப் பிரித்தறிய முடியும்.

உரிய காலத்தில் கண்டறிவதன் பயனை, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் 1999ல் உணர்த்தியது. படகுத்துறை ஒன்றில் கறுப்புக் கோட்டு மட்டி என்ற அந்நிய இனம் அந்த ஆண்டு மார்ச் மாதம் காணப்பட்டது. படகுத்துறைகளின் நீர்க்கதவுகள் மூடப்பட்டு, குளோரினும் செப்பு சல்பேட்டும் கலக்கப்பட்டு, சில வாரங்களில் அது ஒழிக்கப்பட்டது. மூடக்கூடிய நீர்ப்பரப்பாக இருந்ததே இதற்கு வாய்ப்பளித்தது.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகத்தின் நிலை வேறு. மீனவர்கள் 'காக்கா ஆழி' என்றழைக்கும் தென் அமெரிக்க மட்டி, திறந்த நீர்ப்பரப்பில் பரவி, ஆற்றுப்படுகையை மூடியுள்ளது. இறால்கள் இரைதேடும் இடங்களும், உள்ளூர் மட்டிகளும் பாதிக்கப்படுவதாக மீனவர்கள் முறையிட்டனர். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. இத்தகைய நிலையில் முற்றாக ஒழிப்பது மிகக் கடினம்; பரவலைக் கட்டுப்படுத்தவே முயல முடியும்.

புதிய உயிரினத்தை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் படகு உரிமையாளர்களுமே. அத்தகையவர்கள் அதனைச் சுரண்டி நீரில் வீசாமல், அளவு தெரியும் வகையில் நாணயம் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, மீன்வளத் துறையிடம் தெரிவிப்பதே சிறந்தது.