மனுத் தாக்கல்

1996-ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் மேலவளவு ஊராட்சிக்குத் தலைவர் தேர்தல் நடந்து முடிந்தது. மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த ஊர் அது. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அக்டோபரில் மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து மனுவைத் திரும்பப் பெற்றதால் அப்போது தேர்தல் இல்லை. டிசம்பர் 28-ல் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே கும்பல் புகுந்து வாக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் முறையாக 31-ஆம் தேதி, போலீஸ் காவலில் மறுபடி ஓட்டுப்போட்டார்கள். ஆதிக்கச் சாதியினர் புறக்கணித்தார்கள். தலித் மக்களின் ஓட்டுகளில் முருகேசன் தலைவரானார்.

தலைவரானாரே தவிர, ஊராட்சி அலுவலகத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, தலித் மக்களின் எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினார். ஊருக்கு அருகே பேருந்தை மறித்து அவரையும் துணைத் தலைவர் மூக்கனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்தே எடுத்துப் போனார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள்.

சட்டமன்றத் தேர்தலுக்கோ நாடாளுமன்றத் தேர்தலுக்கோ நிற்பவர்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். ஊராட்சித் தேர்தலில் மனுப் போட்ட சாமானியரின் வரலாற்றை அப்படிச் சேர்த்து எழுதியது மிகக் குறைவு. தமிழ்நாட்டில் மக்களாட்சி எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்று அறிய வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

உள்ளூர்த் தேர்தல் என்றாலே நாம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. வார்டு போன்ற முப்பது குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறை அவற்றில் விரிவாக இருக்கிறது. வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பிறகு நிற்கக்கூடாது என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைப்பது. ஆனால் அது பிராமணர் ஊரின் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அந்த நிலத்தில் ஏர் பூட்டியவன் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

ஆங்கிலேயர் காலத்திலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சென்னை மாநகராட்சி 1688-லேயே தொடங்கிவிட்டது. 1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும் 1884-ல் சென்னை மாகாணத்து உள்ளாட்சிச் சட்டமும் வந்தன. ஆனாலும் ஓட்டு, வரி கட்டியவருக்கும் சொத்துள்ளவருக்கும் மட்டும்தான். அந்த ஏற்பாட்டிலிருந்தும் நல்ல நிர்வாகிகள் வந்தார்கள். 1917-ல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானார். அதே காலத்தில் ஈரோட்டில் பெரியார் தலைவராக இருந்தார். ஒருவர் பெயர் பெற்ற வழக்கறிஞர், மற்றவர் பெரிய வணிகர் வீட்டுப் பிள்ளை. கூலிக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்வதற்குச் சட்டமே இடம் தரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. 1958-ல் ஊராட்சிச் சட்டமும், காமராஜர் ஆட்சியில் ஊராட்சி ஒன்றியங்களும் வந்தன. அப்புறம் என்ன ஆயிற்று? 1970-ல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 1986-ல்தான் நடந்தது. அதற்கடுத்தது 1996-ல். சென்னை மாநகராட்சியோ 1973-ல் கலைக்கப்பட்டு 23 ஆண்டுகள் அதிகாரிகள் கையில் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது ஊர் மன்றத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்த ஒரு பிள்ளை, நடுவயதை நெருங்கும்வரை மனுப் போடும் வாய்ப்பையே பார்க்காத காலம் அது. கட்சி வேறுபாடின்றி எல்லா ஆட்சிகளும் இந்தத் தவற்றைச் செய்தன.

73-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயமானது. தனித் தேர்தல் ஆணையம் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, தலித், பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்று தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு வந்தது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபரில் தேர்தல். ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகளில் மனு வாங்கினார்கள். கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆட்டோ, பூட்டுச் சாவி என்று தேர்தல் ஆணையம் தரும் சின்னம்தான். கட்சியின் பணமும் கொடியும் இல்லாதவர் நிற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாடு பல ஊர்களில் உண்மையாகவே வேலை செய்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் பொறியாளராக இருந்த இளங்கோ ரங்கசாமி, வேலையை விட்டுவிட்டுத் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் 1996-ல் நின்று வென்றார். தலித் சமூகத்தவர். கிராம சபையைக் கூட்டி ஊரார் முன்னிலையில் கணக்கு வைத்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளாக அங்கே சமத்துவபுரம் எழுந்தது. 2001-லும் அதே ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது.

மதுரைச் சீமையில் கதை வேறு. ஏன் என்று புரிய, ஊராட்சித் தலைவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்மாய் மீன்பிடி குத்தகை, மரங்களின் ஏலம், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எந்தத் தெரு வரை போக வேண்டும் என்ற முடிவு, அரசு விழாவில் கொடி ஏற்றும் உரிமை எல்லாம் அவரைச் சேர்ந்தவை. பரம்பரை ஊர்த்தலைவரான அம்பலக்காரரும் ஊர்க்கூட்டமும் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த அதிகாரம் ஒரு சீட்டால் கைமாறுகிறது. அந்தக் கைமாற்றத்தைத்தான் மேலவளவில் பொறுக்க முடியவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்றிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை மறுக்க வேறு வழியைக் கையாண்டார்கள். தேர்தல் அறிவிப்பு வரும். யாரும் மனுப் போட மாட்டார்கள். போட்டால் திரும்பப் பெற வைப்பார்கள். அதையும் மீறித் தேர்தல் நடந்தால், ஊர்க்கூட்டம் நிறுத்திய ஆளே வென்று, பதவியேற்றதும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். ஆணையம் திரும்பத் திரும்ப அறிவிப்பு வெளியிட்டது. பத்து ஆண்டுகள் இப்படியே போயின. அந்தப் பத்தாண்டும் அந்த ஊர்களில் தலைவர் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

மனுப் போடத் தயங்கிய அந்த ஊர்த் தலித்துகளில் பெரும்பாலோர் ஆதிக்கச் சாதியினரின் நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். நாளைக்கு வேலைக்கு வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுப்பு எரியாது. கடையில் சாமான் தரமாட்டார்கள். அதனால் அவர்களுடைய தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த நிலையிலும் சிலர் மனுவோடு போனார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

முடிச்சு 2006-ல் அவிழ்ந்தது. மதுரை ஆட்சியராக இருந்த த.உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களோடும் இளைஞர்களோடும் உட்கார்ந்து பேசினார். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்த அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் ராஜினாமாச் செய்யவில்லை. அடுத்த மாதம் முதல்வர் கருணாநிதி அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்துச் ‘சமத்துவப் பெருவிழா’ எடுத்தார். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராம சபையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் வந்து உட்கார்ந்தபோது, ஒரு காலத்தில் மனுப் போட ஆளில்லாத ஊர் அது என்பதை நாடே நினைவுகூர்ந்தது.

நாற்காலி கிடைத்த பிறகும் பாடு தீர்வதில்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் ஆதிக்கச் சாதிக்காரராக இருந்து பேனாவை எடுக்க மறுத்தால் ஒரு பல்பு கூட மாற்ற முடியாது. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்ததற்காக 2011 ஜூனில் வெட்டப்பட்டார். பலத்த காயங்களோடு உயிர் தப்பினார். 2020-ல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடாமல் தடுத்தார்கள். சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். இன்னொரு பக்கம், பதவியை ஊர்க்கோயில் நிதிக்கு என்று லட்சக்கணக்கில் ஏலம் விடும் வழக்கமும் 2019 தேர்தலின்போதும் செய்திகளில் வந்தது. ஏலத்தில் எடுத்தவர் போட்டியின்றித் தேர்வாவார். ஏழைக்கு அங்கே மனுப் போடும் உரிமையே பறிபோகிறது. இது குற்றம், இதைக் குற்றமாகவே நடத்த வேண்டும்.

பெண்களுக்கான பங்கு 2016-ல் பாதியாக உயர்த்தப்பட்டது. மனைவி பெயரில் கணவன் நிர்வாகம் செய்யும் ஊர்கள் நிறைய உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அரிட்டாபட்டி கண்ணில் படாது. அதுவும் மேலூர் வட்டாரம்தான். பேரன் பேத்தி எடுத்த வயதில் அங்கே வீரம்மாள் நின்று தலைவரானார். 2022-ல் அந்த ஊர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, சுற்றுவட்டார ஊர்களோடு அரிட்டாபட்டியின் கிராம சபையும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அதே ஜனவரி 5-ஆம் தேதி, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய நேரத்தில் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016 முதல் 2019 வரை நடந்ததும் இதுவே. அரசியல் சாசனமே கட்டாயமாக்கிய ஒன்றை இப்படித் தள்ளிப்போடுவதற்கு எந்த ஆட்சிக்கும் நியாயம் கிடையாது.

அறிவிப்பு வரும்போது நிற்க நினைப்பவருக்குத் தேவையானவை சில. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கடந்த தேர்தலில் தலைவருக்கு டெபாசிட் 600 ரூபாய், தலித், பழங்குடி வேட்பாளருக்கு 300; வார்டு உறுப்பினருக்கு 200, 100. மனுவில் முன்மொழிபவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஊரில் நேர்மையான ஒருவர், ஆள்பலம் இல்லாத ஒருவர், அந்தத் தாளோடு உங்கள் வாசலுக்கு வந்தால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். மனுக் கொடுக்கப் போகும் நாளில் அவரோடு கூடவே போங்கள்.