குடிநீரில் பூச்சிக்கொல்லிப் பரிசோதனை: நீர் மாதிரியைத் தயார் செய்யும் முறை

வயலை ஒட்டிய கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றின் நீரைப் பருகும் குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால், தண்ணீரில் பூச்சிக்கொல்லி கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. நிறமும் மணமும் மாறாத நீரிலும் அது இருக்கக்கூடும். ஆய்வகப் பரிசோதனையே இதற்கு விடை தரும். அவ்விடை சரியாக அமைய, மாதிரியை முறையாக எடுத்தல் அவசியம்.

முக்கிய எச்சரிக்கை

அதிக வியர்வை, வாயில் உமிழ்நீர் வழிதல், கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல், தசைத்துடிப்பு ஆகியவை இருந்தால் நீர்ப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தெளித்த மருந்தின் புட்டியையோ அதன் லேபிளையோ உடன் எடுத்துச் செல்லுங்கள்.

மாதிரி எடுத்தல்

• பூச்சிக்கொல்லிப் பரிசோதனைக்கு NABL அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என முன்னரே கேட்டறியுங்கள்.
• ஆய்வகம் தரும் 1 லிட்டர் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியையே பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் புட்டியின் சுவரில் மருந்து ஒட்டிக்கொள்வதால் அளவு குறைந்து தெரியும்.
• புட்டியை அந்த நீரால் அலசக் கூடாது. குளோரின் கலந்த குழாய்நீர் எனில், குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் அதில் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். அலசினால் அது வெளியேறிவிடும்.
• குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பின், வடிகட்டியில் சேரும் முன்னுள்ள நீரைப் பிடியுங்கள். மருந்து தெளித்த கையோடு புட்டியைத் தொட வேண்டாம்.
• இடம், நாள், நேரம், அண்மையில் தெளித்த மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.
• பனிக்கட்டிப் பெட்டியில் சுமார் 4 டிகிரி செல்சியஸில் வைத்து, இயன்றால் அன்றே ஒப்படையுங்கள். உறைய விட வேண்டாம்.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

நீரிலுள்ள பூச்சிக்கொல்லியின் அளவு மிகச் சிறிது. ஆகவே முதலில் அதனைச் செறிவூட்டுகின்றனர். திண்மநிலைப் பிரித்தெடுத்தல் எனப்படும் இம்முறையில், சி18 போன்ற உறிஞ்சும் துகள்கள் நிறைந்த சிறு குழல் பயன்படுகிறது. மெத்தனாலும் தூய நீரும் செலுத்தி அதனைத் தயார் செய்து, பின்பு மாதிரி நீரை மெதுவாகச் செலுத்துவர். நீர் வெளியேற, மருந்து துகள்களில் தங்கிவிடும். குழலை உலர்த்திய பின், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான் அதனைக் கழுவி எடுக்கும். அக்கரைசலை நைட்ரஜன் வாயுவால் ஆவியாக்கி 1 மில்லிலிட்டராகக் குறைத்தால், 1 லிட்டரில் இருந்தது 1000 மடங்கு செறிவுறும். அதன் பின்னரே கருவியில் அளவிடுவர். தூய நீரையும், தெரிந்த அளவு மருந்து சேர்த்த நீரையும் இதே வழியில் செலுத்திப் பார்ப்பதன் மூலம் முடிவின் நம்பகத்தன்மை சரிபார்க்கப்படும்.

எல்லா மருந்துகளும் சி18 குழலில் தங்குவதில்லை. களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்குத் தனி முறை தேவை. தெளித்த மருந்தின் பெயரைக் கேட்பது இதற்காகவே.

முடிவைப் புரிந்துகொள்ளுதல்

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500:2012 அனுமதிக்கும் உச்ச அளவு, ஒரு லிட்டருக்கு மைக்ரோகிராமில்: குளோர்பைரிபாஸ் 30, மோனோகுரோட்டோபாஸ் 1, எண்டோசல்பான் 0.4. ‘கண்டறியப்படவில்லை’ என்பது, தேடிய மருந்துகள் கருவி அளவிடக்கூடிய அளவுக்குக் கீழே உள்ளன என்பதையே குறிக்கும். தேடாத மருந்துகளைப் பற்றி அது எதுவும் கூறாது. மேலும், ஒரு மாதிரி அந்நாளின் நிலையை மட்டுமே காட்டும். மருந்து தெளித்த பின்னரோ மழைக்குப் பின்னரோ நிலை மாறக்கூடும்.

அளவு மிகுந்திருந்தால், குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள். காய்ச்சுவதை நம்ப வேண்டாம். கொதிக்கும்போது நீர் ஆவியாகி, எஞ்சிய மருந்து செறிவடையவும் கூடும்.

நீர்ப் பரிசோதனை, நோயாளியின் இரத்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது. அறிக்கையை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். நடந்துவரும் சிகிச்சையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.